வண்டி சரியாகிவிட்டது, அடிவாரத்துக்கு வா

சாமி,

இதைப் போனிலேயே சொல்லிவிடலாம் என்று எடுத்து எடுத்து வைத்துவிட்டேன். மலைமேல் உனக்கு டவர் கிடைக்கிற நேரம் எனக்குக் கோழிக்குத் தீவனம் அள்ளுகிற நேரம். அப்படியே கிடைத்தாலும் நீ “சரிம்மா, சரிம்மா” என்று சொல்லி வைத்துவிடுவாய். ஒன்றையும் காதில் வாங்காதபோதுதான் உனக்கு அந்த இரட்டைச் சரிம்மா வரும் என்பது உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் மலைக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுத்துவிடுகிறேன், செம்மேட்டு டீக்கடையில் இறக்கி வைப்பார். இதையே போட்டோ எடுத்து நம் குடும்ப வாட்ஸப் குரூப்பிலும் போடப்போகிறேன். நீ பேசியதும் எல்லோர் முன்னாலும்தானே, அதனால் இதையும் எல்லோரும் படிக்கட்டும். வடக்கே போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு சுற்றிக்கொண்டிருக்கும் உன் அப்பாவும் படிக்கட்டும். நடுவில் உனக்குக் கோபம் வந்தால் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு மீதியைப் படி.

முதலில் நீ எதைத் தேடுவாயோ அதைச் சொல்லிவிடுகிறேன். பிக்கப் வண்டி சரியாகிவிட்டது. ஸ்டீரிங்கிலிருந்து முன் சக்கரங்களுக்குப் போகிற தண்டுகளில் தேய்ந்து கிடந்த மூட்டுகளை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டியாயிற்று. நீ மலைக்கு ஏற்ற வைத்திருந்த நாட்டுக்கோழிக் குஞ்சுகளும் நன்றாக இருக்கின்றன, இறக்கை முளைத்துக் கூடைக்கு அடங்காமல் எட்டிப் பார்க்கின்றன. கௌசல்யாவும் நன்றாக இருக்கிறாள். இதை நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். வைகாசியில் தாலி கட்டிய பொண்டாட்டியை ஆனி முடிவதற்குள் வாசலில் நிற்க வைத்துவிட்டு, பைக்கை முறுக்கிக்கொண்டு போனவன் நீ. போன பிறகு ஒரு தரம் போன் செய்து குஞ்சுகளைக் கேட்டாய். இன்னொரு தரம் செய்து வண்டியைக் கேட்டாய். அப்போதெல்லாம் அவள் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நீ வைத்த பிறகு அவள் குஞ்சுக் கூடைக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள். எனக்குத்தான் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

குரூப்பில் படிக்கிறவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு மறுவீடு போய்விட்டு, அவள் ஊர் ஆத்தூரிலிருந்து சீர் சாமானை நம் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வந்தோம். பீரோவும் கட்டிலும் பின்னால், நாம் மூன்று பேரும் முன்னால். உனக்குத் தூக்கம் கண்ணைச் சுற்றியது, வண்டியை அவளிடம் கொடுத்தாய். அவள் ஒன்றும் புதிதாகக் கற்றுக்கொண்டவள் இல்லை, அவள் அப்பாவின் டெம்போவில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு ஜவ்வரிசி செய்கிற சேகோ பேக்டரிக்குப் போய்வந்தவள். நாமகிரிப்பேட்டை தாண்டியிருக்க மாட்டோம், அவள் சொன்னாள்: “ஸ்டீரிங்ல ஆட்டம் இருக்கு. நான் திருப்பின பிறகு கொஞ்சம் கழிச்சுத்தான் வண்டி திரும்புது.” நீ கண்ணைத் திறக்காமலேயே சொன்னாய்: “எங்க வண்டி அப்படித்தான். ஓட்ட ஓட்டப் பழகிரும்.” எனக்கும் மனசுக்குள் சுருக்கென்றிருந்தது. வந்து நாலு நாள் ஆகவில்லை, நம் வண்டியில் குற்றம் கண்டுபிடிக்கிறாளே என்று நினைத்தேன். நினைத்ததை நினைத்தபடியே எழுதுகிறேன்.

அப்புறம் அந்தக் காலை. கொல்லிமலையில் நீ குத்தகைக்குப் பிடித்த மிளகுத் தோட்டத்துக்குக் குடி போகிற நாள். கட்டில், அடுப்பு, பாத்திரம், குஞ்சுக் கூடை எல்லாம் ஏற்றிக் கயிறு கட்டியாயிற்று. வழியனுப்ப உன் சின்னம்மா வீட்டார், பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் வாசலில் நின்றார்கள். எலுமிச்சம்பழம் சக்கரத்தடியில் வைத்தாயிற்று. அப்போது கௌசல்யா வண்டிக்குள் ஏறாமல் நின்றுகொண்டு சொன்னாள்: “ஸ்டீரிங்கை மெக்கானிக்கிட்ட காட்டிட்டு ஏறலாம். இதோட மலை வளைவு ஏற எனக்குப் பயமா இருக்கு.” சொன்னது அவ்வளவுதான். குரலை உயர்த்தவுமில்லை. உனக்கு முகம் சிவந்துவிட்டது. “ஓட்டத் தெரியாதவ பேச்சக் கேட்டு ஏத்துன சாமான எறக்கறதா? வாரதுன்னா வா, இல்லாட்டி இங்கயே கெட” என்றாய். அதோடு விட்டாலும் பரவாயில்லை. நான் என்ன செய்தேன்? “இத்தன வருசமா நான் ஓட்டறேன், எனக்குத் தெரியாத ஆட்டமா” என்று உன் பேச்சுக்கு எண்ணெய் ஊற்றினேன். அவள் ஏறவில்லை. நீ பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். வந்தவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள், போகிற வழியிலேயே பேசத் தொடங்கியிருப்பார்கள்.

அவள் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கயிற்றை அவிழ்த்துக் குஞ்சுக் கூடையை மட்டும் இறக்கி வேப்பமர நிழலில் வைத்தாள். ஒரு டப்பா மூடியில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். அப்புறம் என்னிடம் வந்து, “நான் எங்க வீட்டுக்குப் போகலை அத்தை. வண்டி சரியானா மலைக்குப் போறேன்” என்றாள். எனக்கு அதற்கும் கோபம்தான் வந்தது. வண்டியில் ஒன்றும் இல்லை என்று அவளுக்குக் காட்டிவிட்டு, நாளைக்கே ஏற்றி அனுப்பிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஆடி பிறந்தால் புதுப்பெண்ணை அழைத்துப்போக அவள் அம்மா வீட்டிலிருந்து வந்து நிற்பார்கள். குடியே போகாத பெண் தாய் வீட்டுக்குப் போனால் அது ஆடி அழைப்பு என்று யார் சொல்வார்கள்? வாழாமல் வந்துவிட்டாள் என்றுதான் ரெண்டு ஊரும் பேசும். அப்புறம் நீயும் வீம்பில் இறங்கி வரமாட்டாய், அவளும் ஏற மாட்டாள். ஆனி போய்க்கொண்டிருந்தது.

அதனால் சாமான் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, பழைய தீவனச் சாக்கை விரித்து, புடவையைச் சுருட்டிச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். நீ சிரிக்காதே. அந்த வண்டிக்கு ஆயில் மாற்றியதும் கிரீஸ் அடித்ததும் நான்தானே, உன் அப்பா எப்போது வீட்டில் இருந்தார்? “நான் படுக்கிறேன் அத்தை, நீங்க மேல உட்காருங்க” என்றாள். “வேண்டாங் கண்ணு. என்ற கையில பாத்தாத்தான் நான் நம்புவேன். நீ மேல ஏறி உக்காந்து ஸ்டீரிங்க இப்படியும் அப்படியும் மெதுவா ஆட்டு” என்றேன். எஞ்சினை அணைத்துச் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு ஏறினாள். நான் முதல் மூட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். ஒன்றும் அசையவில்லை.

“ஆட்டு.”

“ஆட்டிக்கிட்டுத்தான் இருக்கேன் அத்தை.”

“இங்க ஒண்ணும் அசையலையே. பலமா ஆட்டு.”

“அதைத்தான் சொன்னேன். இங்க ஆடுது, அங்க அசையலை.”

அவள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பியதும் என் விரலுக்கு அடியில் ‘டக்’ என்றது. மறுபக்கம் திருப்பியதும் மறுபடி ஒரு ‘டக்’. தண்டு ஒரு பக்கம் போக, அதன் நுனியில் இருக்கிற குண்டு அதன் கிண்ணத்துக்குள் இன்னொரு பக்கம் போய்ச் சாய்ந்துகொண்டிருந்தது. அடுத்த மூட்டிலும் கை வைத்தேன், அதுவும் அப்படியே. ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் இருந்த இடத்தில் கோழி எருவும் செம்மண்ணும் அடைந்து கிடந்தன. நான் கிரீஸ் அடித்ததெல்லாம் கிழிசல் வழியாக வெளியே போயிருக்கிறது. அதற்குப் பிறகு வெளியே வர எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முதுகு பிடித்துக்கொண்டதும் ஒரு காரணம். அவளிடம், “நீ சொன்னது சரிதாங் கண்ணு” என்று சொல்ல வேண்டியிருந்ததும் ஒரு காரணம். சொல்லிவிட்டேன். அவள் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

நமக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று நானும் யோசித்தேன். அந்த மூட்டு ஒரே நாளில் தேய்ந்திருந்தால் நமக்குத் தெரிந்திருக்கும். வருசக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது, நம் கையும் கூடவே கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டது. நேர் ரோட்டில்கூட நான் ஸ்டீரிங்கைச் சும்மா பிடித்திருக்கவில்லை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிக்கொண்டேதான் ஓட்டியிருக்கிறேன். அவள் சொன்ன பிறகுதான் என் கையை நானே பார்த்தேன். நீயோ ஓட்டக் கற்றுக்கொண்டதே அந்த வண்டியில், ஸ்டீரிங் என்றாலே அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டாய். வேறு வண்டி ஓட்டிய கையால்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும். அந்தக் கை வந்து சொன்னபோது அதற்கு ஓட்டத் தெரியாது என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம்.

சாயந்திரம் உன் அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அந்த வேப்பங்குச்சி நெனப்பிருக்குதா?” என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார். உனக்கு இந்தக் கதை தெரியாது. நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் கிணற்று மோட்டார் போடுகிற இரும்புப் பெட்டியில் கரண்ட் அடிக்கும். வீட்டில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். தெரியும் என்றுகூடச் சொல்ல முடியாது, யாரும் அதை நினைத்துப் பார்த்ததே இல்லை. பெட்டி மேல் ஒரு காய்ந்த வேப்பங்குச்சி இருக்கும், பொத்தானை அதால் அழுத்துவார்கள். வந்தவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஈரக்கையோடு போய்ப் பொத்தானை அழுத்தினேன், தூக்கி எறிந்தது. ஓடிவந்த உன் அப்பா என்ன கேட்டார் தெரியுமா? “எங்களுக்கெல்லாம் அடிக்கறதில்லையே, உனக்கு மட்டும் எப்படி அடிச்சுது?” எனக்கு வந்த கோபத்தில், கம்பி மாற்றுகிற வரைக்கும் மோட்டார் பக்கமே போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். தக்காளிச் செடி வாடியது. திமிர் பிடித்தவள் என்று எனக்குப் பேர் வந்தது. கடைசியில் ஆள் வந்து எர்த் கம்பி இழுத்தான். அன்றைக்கு அப்படி உட்கார்ந்தவள் நான். இன்றைக்கு வண்டியில் ஏறமாட்டேன் என்று ஒருத்தி நின்றபோது நான் நின்ற பக்கத்தைப் பார். உன் அப்பாவுக்கு ஞாபகம் இருந்தது எனக்கு இல்லாமல் போயிற்று. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

மறுநாள் புதுச்சத்திரம் மெக்கானிக் சின்ராசுவைக் கூப்பிட்டேன். உனக்குத் தெரியுமே, லாரி வேலைக்காரன், கை ஓடுவதைவிட வாய் வேகமாக ஓடும். வண்டியை ஆட்டிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க்கா, இந்த ஒண்ணு மட்டுந்தானுங்க ரொம்பப் போயிருக்குது. இத மாத்திக்குங்க, மத்தது இன்னொரு வருசம் தாராளமா ஓடும்” என்றான். வழக்கமாக என்றால் நானும் சரி என்று தலையாட்டியிருப்பேன். ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்றுதானே நம் வீட்டில் எல்லாமே ஓடுகிறது. கௌசல்யா குனிந்து ஒவ்வொரு மூட்டிலும் என் கையைப் பிடித்து வைத்தாள். “இது எப்படி இருக்கு அத்தை? இது?” என்று என்னையே கேட்டாள். எல்லாம் ‘டக்’ என்றுதான் இருந்தது. “எல்லாத்தையும் மாத்திரு சின்ராசு” என்றேன். நாமக்கல் போய் சாமான் வாங்கி வந்தான். பழைய நட்டு துருப்பிடித்து அசையவில்லை, சுத்தியலால் பக்கவாட்டில் அடித்து அடித்து மூட்டைப் பிடுங்கினான். சக்கரம் இரண்டும் ஒரே பக்கம் பார்க்கிறதா என்று நூல் பிடித்தான். நட்டு கழன்றுவிடாமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பிப் பின்னைக் கோத்து வளைத்தான். அதுவரைக்கும் வேலை சுத்தம்.

இனி எழுதப்போகிறதைக் கவனமாகப் படி. வேலை முடிந்து வண்டியை நேராக ஓட்டிப் பார்த்தால் ஸ்டீரிங் கோணலாக நின்றது. சக்கரம் நேராகப் போகிறது, கையில் இருக்கிற வட்டம் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. எனக்கு அது கண்ணை உறுத்தியது. புது சாமான் எல்லாம் போட்டு, பெண்ணைக் குடி அனுப்புகிற வண்டி, ஸ்டீரிங் கோணலாக இருந்தால் பார்க்கிறவன் என்ன சொல்வான்? அதோடு ஆனி முடியப்போகிறது. “இதென்ன சின்ராசு, கோணக்கா மாணக்கான்னு நிக்குது. சீக்கிரம் நேரா வெச்சுக் குடு” என்று விரட்டினேன். அவனும் வேலை மிச்சம் என்று, நடுவில் இருக்கிற நட்டைக் கழற்றி, வட்டத்தை மட்டும் தூக்கி நேராகத் திருப்பி வைத்து முடுக்கிவிட்டான். பார்க்க அழகாக நேராக நின்றது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. கௌசல்யா மட்டும், “வெறும் வண்டியாவே ஒரு தடவை அடிவாரம் வரைக்கும் போயிட்டு வரலாம் அத்தை. ரெண்டு வளைவு ஏறிப் பாத்துட்டு அப்புறம் சாமான் ஏத்தலாம்” என்றாள். எனக்கு அது வெட்டி வேலையாகத்தான் தெரிந்தது. ஆனாலும் போனேன்.

சேந்தமங்கலம் தாண்டிக் காரவள்ளி வரைக்கும் நான் வாயைத் திறந்து சொன்னேன், இது வண்டியே இல்லை, வெண்ணெய் என்று. உண்மையாகவே அப்படி இருந்தது. அவள் விரலை அசைத்தால் சக்கரம் அசைந்தது. இத்தனை வருசம் எதை ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே ஆச்சரியம். மலை ஏறத் தொடங்கினோம். முதலில் வந்த வலது பக்கத்து வளைவு சுலபமாகத் திரும்பியது. அடுத்தது இடது பக்கம். அவள் கடைசி வரைக்கும் சுற்றினாள், அதற்கு மேல் ஸ்டீரிங் போகவில்லை, வண்டி வளைவை முடிக்காமல் நேரே எதிர்ப்பக்கத்துச் சுவரைப் பார்த்துப் போனது. மேலேயிருந்து பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கிவந்தது. அவள் பதறாமல் நிறுத்தினாள். பஸ்காரரும் நிறுத்திவிட்டார். நாங்கள் ரிவர்ஸ் எடுத்து, மறுபடி திருப்பி, ஒதுங்கி நின்றோம். என் கை இரண்டும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டிருந்தன. சாமானும் நீங்கள் இரண்டு பேரும் குஞ்சுக் கூடையுமாக ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அந்த நிமிசத்தில் என் வாயில் ஒரு வார்த்தை வந்து நின்றது சாமி. “நீ லேட்டாத் திருப்பிட்ட.” நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எல்லாம் புதுசு, ஸ்டீரிங் நேராக நிற்கிறது, நானே முன்னால் நின்று பார்த்தேன், அப்புறம் தப்பு அவள் கையில்தானே இருக்க முடியும்? அப்படித்தான் தோன்றியது. அதை முழுங்கினேன். முழுங்கியது சுலபமாக இருந்தது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். முழுங்கிவிட்டு, “ஏங் கண்ணு, உன்ற கைக்கு என்ன தெரியுது?” என்று கேட்டேன். அவள் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்போதுதான் அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன். நீ போன அன்றைக்குக்கூடக் கலங்காத கண். “வலது பக்கம் நிறைய சுத்துது அத்தை. இடது பக்கம் சீக்கிரமே முட்டிக்குது” என்றாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அவர் மறுபடி போன் பண்ணாரா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். அகலமான இடம் வந்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு மெதுவாகவே இறங்கினோம்.

சின்ராசு கேட்டதும் தலையைச் சொறிந்தான். “நீங்கதானுங்களே அக்கா நேரா வேணும்னீங்க” என்றான். நான் கேட்டதைத்தான் அவன் செய்தான், அவனைத் திட்ட எனக்கு வாயில்லை. விசயம் இதுதான். கீழே இருக்கிற ஸ்டீரிங் பெட்டிக்கு என்று ஒரு நடு உண்டு. சக்கரம் நேராக இருக்கும்போது பெட்டியும் அதன் நடுவில் இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு பக்கமும் ஒரே அளவு திரும்பும். புதிதாகப் போட்ட தண்டின் நீளத்தில் கொஞ்சம் வித்தியாசம் வந்திருந்தது, அதனால் பெட்டி நடுவை விட்டு விலகி நின்றது. கோணலாக நின்ற ஸ்டீரிங் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் அதைத் தூக்கி நேராக வைத்து அதன் வாயை மூடிவிட்டோம். இந்த முறை கௌசல்யா உட்கார்ந்து ஸ்டீரிங்கை ஒரு முட்டிலிருந்து மறு முட்டு வரைக்கும் சுற்றிப் பார்த்து, சரிபாதியில் கொண்டுவந்து நிறுத்தினாள். அங்கே வட்டத்தை நேராக வைத்து முடுக்கிவிட்டு, சக்கரமும் நேராக நிற்கிற மாதிரி சின்ராசு தண்டின் நீளத்தைத் திருகிச் சரிசெய்தான். அடுத்த நாள் மறுபடி போனோம். இடமும் வலமும் மாறி மாறி நாலைந்து வளைவு ஏறி இறங்கினோம். எந்த இடத்திலும் ரிவர்ஸ் எடுக்கவில்லை.

புத்தி சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, ஆனால் நீ படிக்கிற அளவுக்குத்தான் எழுத வேண்டும். நம் வீட்டில் ஆட்டம் கண்டது அந்த வண்டி ஒன்றுதான் என்று நினைக்காதே. நமக்குப் பழகிப்போன வேப்பங்குச்சி எத்தனையோ இருக்கும். நீ கோபம் வந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு போவாய், நான் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருப்பேன், வந்ததும் சோறு போடுவேன், அதைப் பற்றி இரண்டு பேரும் பேசமாட்டோம். எனக்கு அது பழகிவிட்டது. அவளுக்குப் பழகவில்லை, பழகவும் வேண்டாம். அவள் ஏதாவது ஒன்றைச் சொல்லும்போது அது சரியா தப்பா என்று அப்புறம் பார்க்கலாம், முதலில் அடியில் படுத்துக் கையை வைத்துப் பார். எப்போதும் அவள் சொல்வதே சரியாக இருக்கும் என்றும் நான் சொல்லவில்லை. அவள் வைக்கிற குழம்பில் புளி தூக்கலாக இருக்கிறது, அதை அவளிடமே சொல்லிவிட்டேன், “அப்படியா அத்தை” என்று கேட்டுவிட்டு அடுத்த நாளும் அப்படியேதான் வைத்தாள். இன்னொன்று, சண்டை முடிந்த மாதிரி நாலு பேருக்கு நேராகக் காட்ட அவசரப்படாதே. நான் ஆடிக்கு முந்தி முந்தி என்று விரட்டிய விரட்டில்தான் அந்த வளைவில் போய் முட்டப் பார்த்தோம். கீழே நடு எங்கே இருக்கிறது என்று பார், மேலே தானாக நேராக நிற்கும். அப்புறம், மறந்துவிடப் போகிறேன், அந்த ரப்பர் உறைகளை மழைக்குப் பிறகு ஒரு தரம் பார்த்துக்கொள். தோட்டத்துச் சேற்று வழியில் மட்டும் நாலு சக்கரமும் இழுக்கிற கியரைப் போடு, தார் ரோட்டுக்கு வந்ததும் எடுத்துவிடு.

சாமான் எல்லாம் மறுபடி ஏற்றியாயிற்று. வெள்ளிக்கிழமை காலையில் கிளம்புகிறோம். வண்டியை அவள்தான் ஓட்டி வருகிறாள். நான் காரவள்ளி அடிவாரம் வரைக்கும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்து, அங்கிருந்து பஸ் ஏறித் திரும்பிவிடுவேன். நீ வரவில்லை என்றால் என்ன செய்வாய் என்று அவளிடம் கேட்டேன். “இப்பதான் வண்டி திரும்புதே அத்தை. நானே ஏறிப் போயிடுவேன்” என்றாள். போய்விடுவாள், எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் நீ வா. பைக்கைப் பின்னால் ஏற்றிக் கட்டிவிடு, இடம் விட்டுத்தான் சாமான் அடுக்கியிருக்கிறோம். சாவியைக் கேட்காதே. நான் எழுந்து இறங்குகிற இடத்தில் நீ ஏறி உட்கார். மன்னிப்பெல்லாம் உனக்கு வாயில் வராது, உன் அப்பாவுக்கும் வந்ததில்லை, அதற்காக மெனக்கெட வேண்டாம். முதல் இடது பக்கத்து வளைவு வரும். அவள் கை முழுசாகச் சுற்றும், வண்டியும் முழுசாகத் திரும்பும். அது திரும்பி முடிந்த பிறகு, “ஸ்டீரிங் நல்லாருக்குது கௌசல்யா, நீ சொன்னது சரி” என்று சொல். அதை மட்டும் அவள் காது கேட்கிற மாதிரி சொல்லிவிடு, மீதி வளைவுகளை அவள் பார்த்துக்கொள்வாள்.

வெள்ளிக்கிழமை உன்னை அடிவாரத்தில் பார்க்க வேண்டும் என்றிருக்கிற

உன் அம்மா